ஒரு கவுண்டி "மாறிவிட்டது" என்று சொல்வதற்கு முன்: லவுடனில் இருபது ஆண்டுகள்

2008 நவம்பரில் பராக் ஒபாமா வென்ற மறுநாள் மாலை, ஆஷ்பர்னில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கூடியிருந்த தமிழ் நண்பர்களிடம், "இனிமேல் இந்தக் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் கோட்டை" என்று உறுதியாகச் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் வடக்கில், வாஷிங்டன் நகருக்கு மேற்கே இருக்கும் லவுடன் கவுண்டி, 1964இல் லிண்டன் ஜான்சனுக்கு வாக்களித்த பிறகு எந்த ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரையும் முன்னிலைக்குக் கொண்டுவந்ததில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஒபாமாவுக்கு அது ஏறத்தாழ 54 விழுக்காடு வாக்குகளைத் தந்தது. ஆனால் சரியாக ஓராண்டில், 2009 நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலில், குடியரசுக் கட்சியின் பாப் மெக்டானல் இதே கவுண்டியில் 60 விழுக்காட்டைத் தாண்டினார். (இங்கே ஆளுநர் என்பவர் நம் ஊரில் போல நியமிக்கப்படுபவர் அல்லர்; மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும், நம் முதலமைச்சருக்கு ஒப்பான பதவியில் இருப்பவர்.) ஒரே ஆண்டில் மக்கள் மனம் இவ்வளவு தூரம் புரண்டுவிடுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. அன்று ஒரு கோடிட்ட நோட்டு வாங்கித் தேர்தல் முடிவுகளை என் கையாலேயே எழுதத் தொடங்கினேன். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. அதிலிருந்து கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே பகிர்கிறேன்.

நான் இங்கே குடிவந்தது 2005இல். அமெரிக்கக் கவுண்டி என்பதை ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கென்று மக்கள் தேர்ந்தெடுத்த வாரியமும், தனி வரியும், பள்ளி வாரியமும் உண்டு. லவுடனின் தலைநகரம் லீஸ்பர்க். கிழக்கே டல்லஸ் விமான நிலையம், அதை ஒட்டி ஸ்டெர்லிங், ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், சவுத் ரைடிங் என்று வரிசையாகப் புதுக் குடியிருப்புகள். மேற்கே பர்செல்வில், லவெட்ஸ்வில், மிடில்பர்க் என்று குதிரைப் பண்ணைகளும் திராட்சைத் தோட்டங்களும் கல் வேலிகளும் உள்ள பழைய நாட்டுப்புறம். வடக்கு தெற்காக ஓடும் 15ஆம் எண் நெடுஞ்சாலையைத் தாண்டினால் வேறு கவுண்டிக்குள் வந்துவிட்டது போலத் தோன்றும். 1980இல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 57,427. 2000இல் 1,69,599. 2020இல் 4,20,959. நாற்பது ஆண்டுகளில் ஏழு மடங்குக்கும் மேல் பெருகிய ஓர் இடத்தில் "மக்கள் மனம் மாறியது" என்று சொல்லும்போது, எந்த மக்கள் என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதை நான் கேட்கத் தவறியிருந்தேன்.

என் கண்ணைத் திறந்தது விழுக்காடு அல்ல, வாக்குகளின் எண்ணிக்கை. 2000ஆம் ஆண்டில் ஜார்ஜ் புஷ் இங்கே சுமார் 42,500 வாக்குகளும் அல் கோர் சுமார் 31,000 வாக்குகளும் பெற்றார்கள். 2020இல் டொனால்ட் ட்ரம்ப் சுமார் 82,000 வாக்குகளும் ஜோ பைடன் சுமார் 1,38,000 வாக்குகளும் பெற்றார்கள். விழுக்காட்டை மட்டும் பார்த்தால் குடியரசுக் கட்சி 56இலிருந்து 36.5க்குச் சரிந்துவிட்டது, கட்சியே கரைந்துபோனது போலத் தெரியும். வாக்குகளை எண்ணினால் அக்கட்சியின் வாக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கிறது. ஜனநாயகக் கட்சியின் வாக்கு நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகியதுதான் வேறுபாடு. 2000இல் புஷ்ஷுக்கு வாக்களித்த பண்ணை வீட்டுக்காரர் பெரும்பாலும் அதே பக்கம்தான் நின்றிருப்பார். அவரைச் சுற்றியிருந்த சோள வயலில் முளைத்த ஆயிரம் வீடுகளில் வந்து குடியேறியவர்கள்தான் கணக்கை மாற்றியவர்கள். ஆகவே எந்த ஊரின் தேர்தல் முடிவையும் படிக்க விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: விழுக்காட்டுக்குப் பக்கத்தில் மொத்த வாக்குகளையும் எழுதுங்கள், அதற்குப் பக்கத்தில் மக்கள்தொகையையும் எழுதுங்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

குடியேறியவர்கள் எல்லாரும் உடனே வாக்காளர்கள் ஆகிவிடுவதில்லை என்பது அடுத்த பாடம். அதை என் தெருவே எனக்குக் கற்றுத் தந்தது. எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். 2012இல் ஒபாமாவும் மிட் ராம்னியும் போட்டியிட்டபோது, அவற்றில் பதினொரு வீடுகளில் இந்தியாவில் பிறந்தவர்கள் இருந்தோம்; அந்தப் பதினொன்றில் வாக்குரிமை இருந்தது மூன்று வீடுகளில் மட்டும். மற்றவர்கள் எச்1பி விசாவிலோ, பச்சை அட்டைக்கான வரிசையிலோ, பச்சை அட்டை கிடைத்தபின் குடியுரிமைக்குக் காத்திருக்கும் ஐந்தாண்டுக் காலத்திலோ இருந்தார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு ஏழு விழுக்காட்டுக்கு மேல் பச்சை அட்டை கிடையாது என்ற வரம்பினால் இந்தியர்களின் வரிசை எவ்வளவு நீளமானது என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தக் கவுண்டியில் ஆசிய வம்சாவளியினர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அந்தப் பங்கை அப்படியே வாக்காளர் பட்டியலில் தேடினால் கிடைக்காது. நானும் 2016இன் கோடையில்தான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன்; பதினோராண்டுகள் வரி கட்டிய ஊரில் அந்த நவம்பரில் முதல் முறையாக வாக்களித்தேன். ஒரு குடியேற்ற அலை வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அதன் முழு எடை வாக்குப்பெட்டியில் விழுகிறது. இதை மறந்து, கோயிலிலும் கடைத்தெருவிலும் பார்க்கும் முகங்களை வைத்துத் தேர்தலைக் கணிப்பவர்கள் தொடர்ந்து தவறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் முதன்முதலில் வாக்களித்த அந்த 2016 தேர்தல்தான் வேறொரு வகை மாற்றத்தையும் காட்டியது. 2012இல் ராம்னி இங்கே சுமார் 75,300 வாக்குகள் பெற்றிருந்தார். நான்கு ஆண்டுகளில் கவுண்டியின் மொத்த வாக்குகள் ஏறக்குறைய 23,000 கூடின. ஆனால் ட்ரம்ப் பெற்றது 70,000க்கும் சற்றுக் குறைவு. வாக்காளர் கூட்டம் பெருகிக்கொண்டிருக்கும்போது ஒரு கட்சியின் வாக்கு எண்ணிக்கையே குறைகிறது என்றால், அதைப் புதிதாக வந்தவர்களால் மட்டும் விளக்க முடியாது. ஏற்கெனவே இங்கே இருந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்த வேட்பாளரை விட்டு விலகியிருக்கிறார்கள். இந்த விலகல்தான் உண்மையான மனமாற்றம். என்னோடு பணிபுரிந்த, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வாழ்நாள் முழுவதும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தவர், அந்த ஆண்டு அதிபர் வரிசையை வெற்றாக விட்டுவிட்டு அதற்குக் கீழே இருந்த நாடாளுமன்ற வரிசையில் தம் கட்சியின் பார்பரா காம்ஸ்டாக்குக்கு வாக்களித்ததாகத் தாமாகவே என்னிடம் சொன்னார். அந்த ஆண்டு காம்ஸ்டாக் வென்றார். 2018இல் ஜனநாயகக் கட்சியின் ஜெனிபர் வெக்ஸ்டனிடம் தோற்றார். ஒருவர் தம் கட்சியை விட்டு விலகுவது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதை அந்த நண்பரிடம்தான் நேரில் கண்டேன்.

2017இல் நான் தேர்தல் அலுவலராகப் பெயர் கொடுத்தேன். வர்ஜீனியாவில் தகுதியுள்ள எந்த வாக்காளரும் விண்ணப்பித்துப் பயிற்சி எடுத்து இந்தப் பணியைச் செய்யலாம். வாக்குச்சாவடியில் இரு கட்சிகளின் சார்பாளர்களும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் மாநிலம் தொடுதிரை இயந்திரங்களை முற்றாக விலக்கிவிட்டு, காகித வாக்குச்சீட்டுக்கு வந்திருந்தது. காலை ஆறு மணிக்குக் கதவு திறக்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நாங்கள் மேசைகளை நகர்த்திக்கொண்டிருப்போம். வருபவர் தம் பெயரையும் முகவரியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அலுவலர் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பட்டியலில் குறிக்க வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். கடவுச்சீட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் கடைசிப் பெயர் வேறாக இருக்கும், சிலருக்கு ஒற்றைப் பெயரே இரு இடங்களிலும் பதிவாகியிருக்கும். ஒரு முறை எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா தம் பெயரைச் சொன்னதும் பட்டியலில் கிடைக்கவில்லை. அவருடைய முகம் வாடிவிட்டது. "அம்மா, உங்கள் அப்பா பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். சொன்னார். அந்தப் பெயரில் தேடியதும் முகவரியோடு அவர் பெயர் வந்தது. "ஓட்டு இருக்கா தம்பி?" என்று கேட்டு, வாக்குச்சீட்டை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு போனார். அதன்பின், புதிதாகக் குடியுரிமை பெறும் எல்லாரிடமும் சொல்கிறேன்: பதிவு முடிந்ததும் மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் உங்கள் பெயர் எந்த வரிசையில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, அதே வரிசையில் வாக்குச்சாவடியில் சொல்லுங்கள், நவம்பர் வரை காத்திருக்க விருப்பமில்லாவிட்டால், 2020 முதல் காரணம் எதுவும் சொல்லாமலேயே நாற்பத்தைந்து நாட்களுக்கு முன்பிருந்து வாக்களிக்கலாம்.

மாலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும், வாக்குச்சீட்டுகளைப் படித்து எண்ணும் ஸ்கேனர் முடிவை மளிகைக் கடை ரசீது போல நீளமான தாளில் அச்சிட்டுத் தள்ளும். எல்லா அலுவலர்களும் அதில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளைப் பலமுறை கையில் பிடித்த பிறகுதான், தேர்தல் முடிவு என்பது கருத்துகளின் கணக்கு மட்டும் அல்ல, வந்தவர்களின் கணக்கும்கூட என்பது எனக்கு உடம்பில் உறைத்தது. 2021 ஆளுநர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மாற்றுப்பாலின மாணவர்களுக்கான விதிகள், இனம் பற்றிய பாடங்கள் ஆகியவை குறித்த சண்டையால் லவுடன் பள்ளி வாரியத்தின் கூட்டங்கள் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. ஜூன் 22 அன்று நடந்த கூட்டம் சட்டவிரோதக் கூட்டமாக அறிவிக்கப்பட்டு நிறுத்தப்பட்டது. நவம்பரில் குடியரசுக் கட்சியின் க்ளென் யங்கின் மாநிலத்தை வென்றார். லவுடனில் பைடனுக்கு 25 விழுக்காட்டுப் புள்ளிகளாக இருந்த முன்னிலை, ஜனநாயகக் கட்சியின் டெரி மெக்காலிஃபுக்கு 11 புள்ளிகளாகச் சுருங்கியது. "லவுடன் பெற்றோர்கள் கட்சி மாறிவிட்டார்கள்" என்று பலரும் எழுதினார்கள். என் நோட்டில் இருந்த எண்கள் வேறு ஒன்றையும் சொல்லின. யங்கின் பெற்றது சுமார் 71,000. அது ஓராண்டுக்கு முன் ட்ரம்ப் பெற்றதைவிடவே குறைவு. மெக்காலிஃப் பெற்றது சுமார் 89,000. அது பைடன் பெற்றதைவிட ஏறத்தாழ 49,000 குறைவு. மாறி வாக்களித்தவர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை எனக்கே தெரியும். ஆனால் அந்த 14 புள்ளிச் சுருக்கத்தில் பெரும்பங்கு, வீட்டிலேயே இருந்துவிட்டவர்களால் வந்தது என்றே நான் கருதுகிறேன். 2009இல் என்னைத் திகைக்க வைத்ததும் இதுவேதான். வர்ஜீனியாவில் ஆண்டுதோறும் நவம்பரில் தேர்தல் உண்டு; அதிபர் தேர்தல் ஆண்டில் வரும் கூட்டமும் ஆளுநர் தேர்தல் ஆண்டில் வரும் கூட்டமும் ஒரே கூட்டம் அல்ல. அதிபர் தேர்தலை அதிபர் தேர்தலோடும், ஆளுநர் தேர்தலை ஆளுநர் தேர்தலோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

கவுண்டியை ஒரே நிறத்தில் தீட்டிய வரைபடத்தை நான் இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை. 1861 மே 23 அன்று, அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிவதா என்று வர்ஜீனியா வாக்களித்தபோது, லவுடன் மொத்தமாகப் பிரிவினைக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் அடிமைமுறையையும் போரையும் எதிர்த்த குவேக்கர் சமயத்தார் வாழ்ந்த வாட்டர்ஃபோர்டும், ஜெர்மானியக் குடியேறிகளின் லவெட்ஸ்வில்லும் பெரும் வித்தியாசத்தில் எதிர்த்து வாக்களித்தன. அன்று வாக்கு ரகசியமாகவும் இல்லை. ஊரார் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த அச்சத்துக்கு நடுவிலும் எதிர்த்துச் சொன்ன அந்தக் கிராமத்தார்களை நினைக்கும்போதெல்லாம், ஊர் வாரியாகப் பார்க்காமல் கவுண்டியைப் பற்றிப் பேசக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றும் பர்செல்வில் பக்கத்து வாக்குச்சாவடியும் ஸ்டெர்லிங் வாக்குச்சாவடியும் ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை.

ஆனால் வாக்குச்சாவடி வாரியாகப் பார்ப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன். 2020இல் முன்கூட்டியும் அஞ்சலிலும் போடப்பட்ட வாக்குகள் அந்தந்தச் சாவடியின் கணக்கில் சேர்க்கப்படாமல் மையக் கணக்காகத் தனியே அறிவிக்கப்பட்டன. தொற்றுக்காலத்தில் முன்கூட்டியே வாக்களித்தவர்களில் ஜனநாயகக் கட்சியினர் அதிகம். ஆகவே அந்த ஆண்டின் சாவடி எண்களை மட்டும் பார்த்தால் எங்கள் பகுதியே குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டது போலத் தோன்றும். பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, முன்கூட்டிய வாக்குகளும் சாவடி வாரியாகப் பிரித்து அறிவிக்கப்படுகின்றன. நான் 2020ஐயும் 2022ஐயும் அருகருகே எழுதி இரண்டு வார இரவுகளை வீணடித்த பிறகுதான் இது புரிந்தது. 2020இன் சாவடி எண்களை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடவே வேண்டாம். இன்னொன்றும் உண்டு: வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவின்போது கட்சியைக் குறிப்பிடும் முறை கிடையாது. "இந்தக் கவுண்டியில் பதிவு பெற்ற ஜனநாயகக் கட்சியினர் இத்தனை பேர்" என்று யாராவது சொன்னால் அது யாரோ செய்த கணிப்பே தவிர, அரசுக் கணக்கு அல்ல.

உள்ளூர்த் தேர்தலுக்கு வந்தால், கட்சி என்ற அளவுகோலே பல நேரம் வளைந்துவிடுகிறது. கவுண்டி வாரியத்தில் ஒன்பது இடங்கள். ஒபாமா வென்ற 2008க்கும் 2012க்கும் நடுவில், 2011இல், அந்த ஒன்பதையும் குடியரசுக் கட்சி வென்றது. வாரியத் தலைவராக 2000 முதல் 2015 வரை இருந்த ஸ்காட் யார்க் முதலில் குடியரசுக் கட்சிக்காரராக வந்து, பின்னர் சுயேச்சையாக இரு முறை வென்று, மறுபடி கட்சிக்குத் திரும்பியவர். அவரை முதலில் அந்தப் பதவிக்குக் கொண்டுவந்தது, கட்டுக்கடங்காமல் வீடுகள் பெருகுவதற்கு எதிரான கோபம். நிலமும் சாலையும் பள்ளியும்தான் இங்கே உள்ளூர் அரசியல். 2015இல் பலமுனைப் போட்டியில் ஜனநாயகக் கட்சியின் ஃபிலிஸ் ராண்டல் தலைவரானார்; 2019இல் அவர் கட்சி 6-3 என்ற பெரும்பான்மையைப் பெற்றது, 2023இல் அது 7-2 ஆனது. ஆயினும் இன்று வாரியக் கூட்டங்களில் காரசாரமாகப் பேசப்படுவது, இணையத்தை இயக்கும் கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் பெரும் கட்டடங்களான டேட்டா சென்டர்களைப் பற்றி. உலகிலேயே அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கும் இடம் ஆஷ்பர்ன் சுற்றுவட்டாரம். அவற்றால் வரும் வரிப்பணம் வீட்டு வரியைத் தாங்குகிறது. அவற்றின் இரைச்சலும் உயர் அழுத்த மின்கோபுரங்களும் அருகில் வாழ்பவர்களை வருத்துகின்றன. 2025 மார்ச்சில், பொது விசாரணை இன்றி டேட்டா சென்டர்களைத் தாமாகவே கட்டிக்கொள்ள நிறுவனங்களுக்கு இருந்த உரிமையை வாரியம் நீக்கியது. அதற்கு முன் நான் போயிருந்த ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில், 2024இல் ட்ரம்ப் பலகை நட்டிருந்த வீட்டுக்காரரும் ஹாரிஸ் பலகை நட்டிருந்த வீட்டுக்காரரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஒரே கோரிக்கையை வைத்தார்கள். உள்ளூர் வாக்கைக் கணிக்க விரும்புபவர்கள் கட்சிப் பெயரைவிட, அந்த மாதம் மண்டபத்தில் வரிசையில் நின்று பேசியவர்களைக் கவனிப்பது நல்லது.

2024 நவம்பர் இரவில், பெரிய புறநகர்க் கவுண்டிகளில் வெகு சீக்கிரம் எண்ணி முடித்தவற்றுள் லவுடனும் ஒன்று. கமலா ஹாரிஸ் சுமார் 56 விழுக்காடு, ட்ரம்ப் சுமார் 40. பைடனின் 25 புள்ளி முன்னிலை ஏறக்குறைய 16 ஆகியிருந்தது. தொலைக்காட்சி அரங்குகளில் இந்த ஒரு கவுண்டியின் எண்ணைப் பார்த்தே நாட்டின் போக்கைப் பேசத் தொடங்கினார்கள். அது சரியாகவும் இருந்தது, ஏனெனில் அவர்கள் அதிபர் தேர்தலை அதிபர் தேர்தலோடு ஒப்பிட்டார்கள். இம்முறை 2021 போல அல்ல: ஹாரிஸ் பைடனைவிடக் குறைவாகப் பெற்றார், ட்ரம்ப் தம் 2020 எண்ணிக்கையைத் தாண்டினார். வராதவர்களும் இருந்தார்கள், மாறியவர்களும் இருந்தார்கள். என் இந்திய நண்பர்களுக்குள்ளேயே விலைவாசியைக் காரணம் காட்டி முதல் முறையாக ட்ரம்புக்கு வாக்களித்த இருவர் உண்டு. அதே வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்கு நின்ற சுஹாஸ் சுப்ரமணியம் வென்று, வர்ஜீனியாவிலிருந்து அங்கே போகும் முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். "இந்தியர்கள் எல்லாரும் இன்ன பக்கம்" என்று எழுதுபவர்களுக்கு எங்கள் தெருவைக் காட்ட வேண்டும் போல இருக்கிறது.

2025இல் கூட்டாட்சி அரசின் வேலைகள் பெருமளவில் வெட்டப்பட்டன. இந்தக் கவுண்டியில் அரசு ஊழியரோ, அரசு ஒப்பந்தத்தை நம்பிய நிறுவனத்தின் ஊழியரோ இல்லாத தெருவைக் காண்பது அரிது. அந்த நவம்பரில் ஆளுநர் பதவிக்கு நின்ற ஜனநாயகக் கட்சியின் அபிகேல் ஸ்பேன்பெர்கர் இங்கே 60 விழுக்காட்டைத் தாண்டினார். நண்பர்கள் வழக்கம்போல அழைத்து, "அப்படியானால் கவுண்டி மறுபடியும் மாறிவிட்டதா, அண்ணா?" என்று கேட்டார்கள். 2021ஆம் ஆண்டின் பக்கத்தைப் புரட்டி, அதற்கு எதிர்ப்பக்கத்தில் புதிய எண்களை எழுதி முடித்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். 2027 நவம்பரில் வாரியத்தின் ஒன்பது இடங்களுக்கும் தேர்தல் வருகிறது. அதற்கான பக்கத்தை இப்போதே கோடிட்டு வைத்திருக்கிறேன்: மொத்த வாக்கு, ஒவ்வொருவரின் வாக்கு, 2023இன் அதே எண்கள், கடைசிக் கட்டத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளின் எண்ணிக்கை. அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதுகிறேன். ஆஷ்பர்ன் மெட்ரோ நிலையத்தைச் சுற்றி இன்னும் கிரேன்கள் நிற்கின்றன.